ஒரு தட்டு, ஓர் எழுத்து: பாக்ஸ்பேஸ் மாறிய பிறகு கையேட்டை எப்படித் திருத்துவது?

யாழ்ப்பாணத்தில் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஒரு மாடி அறையில் நாங்கள் ஆறேழு பேர் பழைய தமிழ் நூல்களைத் தட்டெழுதுகிறோம். திரையின் இடது பக்கத்தில் ஸ்கான் செய்த பக்கம், வலது பக்கத்தில் எடிற்றர், அதாவது தட்டெழுதும் மென்பொருள். அந்த எடிற்றர் நண்பர்கள் இருவர் எழுதித் தந்தது. பெரிய வசதிகள் ஒன்றும் கிடையாது. தமிழை ஒழுங்காகக் காட்டும், கோப்பைத் தொலைக்காது, எங்களுக்கு அது போதும். அதற்கான தமிழ்க் கையேட்டை எழுதுவதும் திருத்துவதும் என் பொறுப்பு. 64 பக்கக் கையேடு. அதைவிட, சுவரில் ஒட்டிய ஒரு பக்கத் தாளும் உண்டு, லமினேற் செய்தது.

சென்ற மாதம் எடிற்றரின் 2.4 பதிப்பை எல்லாக் கணினியிலும் ஏற்றினோம். அடுத்த நாள் காலை, எங்கள் எல்லாருக்கும் ரீச்சராக இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ‘யாழ்பா’ என்று தட்டிவிட்டு நிறுத்தினார். ஒரு ‘ப்’ விடுபட்டுவிட்டது. பாக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினார். கண் ஸ்கான் பக்கத்தில்தான் இருந்தது. ‘ப்பாணம்’ என்று தொடர்ந்தார். நிமிர்ந்து பார்த்தால் ‘யாழ்பப்பாணம்’. ‘யாழ்’ தவிர மிச்சம் ஐந்து எழுத்து என்று எண்ணி ஐந்து தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ‘ப்பாணம்’ போட்டார். இப்போது ‘யாழ்பப்ப்பாணம்’. மூன்றாம் முறை கையை எடுத்துவிட்டுச் சுவரிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் பெரிய எழுத்தில் நான் எழுதியிருந்தது: ‘ஒரு தட்டு, ஓர் எழுத்து.’

“தம்பி, என்ரை கைதான் பிழைக்குது போல. வயசு போட்டுது” என்றார்.

அவருடைய கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. 2.3 வரை எங்கள் எடிற்றரில் பாக்ஸ்பேஸ் ஒரே தட்டில் முழு எழுத்தையும் அழித்தது. 2.4 இலிருந்து கடைசியாகச் சேர்ந்த குறியை மட்டும் அழிக்கிறது. கணினியில் எழுத்துகளைப் பதியும் பொது முறையான யூனிகோட்டில் ‘பா’ என்பது ‘ப’ ஒன்றும் அரவு (துணைக்கால்) ஒன்றுமாக இரண்டு துண்டு. முதல் தட்டில் அரவு போகும், ‘ப’ நிற்கும். ‘ம்’ என்றால் முதலில் குற்று (மேற்புள்ளி) போகும். ‘ஸ்ரீ’ க்கு நான்கு தட்டு வேண்டும். ரீச்சர் எண்ணித் தட்டிய ஐந்து தட்டும் ‘பாணம்’ என்ற மூன்று எழுத்தோடு முடிந்துபோயின.

மாற்றம் நல்லது என்பதுதான் என் எண்ணம். ‘கி’ ஐ ‘கீ’ ஆக்க முன்பு ‘க’ வையும் அழித்துத் திரும்பத் தட்ட வேண்டியிருந்தது, இனி அந்த வேலை இல்லை. வேறு பல மென்பொருள்களிலும் தமிழுக்குப் பாக்ஸ்பேஸ் குறி குறியாகத்தான் அழிக்கிறது, டிலீட் விசைதான் முழு எழுத்தை எடுக்கிறது. விம் எடிற்றரில் இதற்கென்றே டெல்கொம்பைன் என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் ஒட்டிய குறிகள் ஒவ்வொன்றாக அழியும். போடாவிட்டால் எழுத்தும் அதன் குறிகளும் சேர்ந்தே போகும், நாமாக ஒன்றும் மாற்றாதபோது இருக்கும் முன்னிருப்பு இதுதான். ஆக இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நாங்கள் விட்ட பிழை, எடிற்றரை ஏற்றிய அன்றே கையேட்டையும் தாளையும் தொடாமல் விட்டது.

ஒரு குற்று, ஓர் அரவு என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. 1981 இல் பொது நூலகம் எரிந்த ஊர் இது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஏராளமாக ஸ்கான் வடிவில் கிடைக்கின்றன. ஆனால் ஸ்கான் பக்கம் ஒரு படம்தான், அதற்குள் ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் யாராவது தட்டெழுத வேண்டும். ‘யாழ்பப்பாணம்’ என்று பதிவானால் ‘யாழ்ப்பாணம்’ என்று தேடுபவருக்கு அந்த வரி இல்லாத வரிதான்.

ஆகவே இரண்டு பின்னேரம் இருந்து கதைத்தோம். முன்னால் ஐந்து வழிகள் இருந்தன.

மாற்றக் குறிப்போடு விட்டுவிடுவது

எடிற்றரை எழுதிய நண்பர்கள் முதலில் சொன்னது இதைத்தான். 2.4 இல் மாறியவை என்று ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஏழாவது வரியாகப் பாக்ஸ்பேஸும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார்கள்.

மாற்றக் குறிப்பை மிக ஒழுங்காக எழுதுகிறவர்கள் ஈமாக்ஸ் எடிற்றர்காரர். 2009 இல் வந்த 23 ஆம் பதிப்பில் கீழ் அம்புக்குறியின் நடத்தை மாறியது. நீண்ட வரி ஒன்று மடிந்து திரையில் மூன்று வரியாகத் தெரிந்தால், அதற்கு முன் அம்புக்குறி அந்த மூன்றையும் தாண்டி அடுத்த வரிக்குப் பாயும். 23 இலிருந்து திரையில் தெரிகிற அடுத்த வரிக்கு நகரும். நாளுக்கு நூறு தடவை தட்டுகிற விசை அது. மாற்றக் குறிப்பில் எழுதினார்கள், பழைய நடத்தை வேண்டுமென்றால் எந்த மாறியை (அமைப்பை) அணைப்பது என்றும் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. அவர்கள் ஒரு பதிப்பை உருவாக்கிக்கொண்டிருக்கும் காலத்தில், மாற்றக் குறிப்புக் கோப்பின் உருப்படிகளுக்கு மேலே அடையாளம் இடுகிறார்கள். மூன்று கூட்டல் குறி இருந்தால் கையேடுகளும் திருத்தப்பட்டுவிட்டன என்று பொருள். மூன்று கழித்தல் குறி இருந்தால் கையேட்டில் திருத்த ஒன்றும் இல்லை என்று பொருள். ஓர் அடையாளமும் இல்லாவிட்டால் அந்த வேலை இன்னும் கிடக்கிறது. குறிப்பு எழுதியதோடு வேலை முடியாது என்பது அந்தக் கோப்பிலேயே தெரிகிறது.

எங்கள் அறையில் ஐந்து கணினிக்கும் புதிய பதிப்பை ஏற்றுவது நான் ஒருவன்தான். மாற்றக் குறிப்பைத் திறப்பதும் நான் ஒருவன்தான். ரீச்சர் அதை ஒருநாளும் காணப்போவதில்லை, காண வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. ஆகவே குறிப்பு ஒரு பதிவாக இருக்கட்டும், கையேட்டின் இடத்தை அதற்குக் கொடுக்க முடியாது என்று முடிவெடுத்தோம். மூன்று கூட்டல் பழக்கத்தை மட்டும் அன்றைக்கே எடுத்துக்கொண்டோம்.

பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது

என் மனம் முதலில் போனது இங்கேதான். கையேடு இன்றைக்கு இருப்பதைச் சொல்ல வேண்டும், நேற்று எப்படி இருந்தது என்பது புதிதாகப் பழக வருபவருக்கு எதற்கு? படிக்கவும் இலகு, பக்கமும் கூடாது. ஈமாக்ஸ் கையேடும் நடப்புப் பதிப்பைத்தான் விவரிக்கிறது. ஆனால் அவர்களும் பின்னிணைப்பாக ‘அன்ரிநியூஸ்’ என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். முந்திய பதிப்புக்குத் திரும்பிப் போகிறவருக்கு என்னென்ன வித்தியாசப்படும் என்று அதில் எழுதியிருக்கும். பழைய பதிப்பில் இருக்கிறவரை அவர்களும் கைவிடவில்லை.

எங்கள் கையேடு அறையை விட்டு வெளியே போகிறது. வட்ஸ்அப்பில் பிடிஎப் ஆகப் போகிறது, பல்கலைக்கழகப் பக்கத்துக் கடைகளில் போட்டோக்கொப்பியாகிறது, பென் ட்ரைவில் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கும் போயிருக்கிறது. அங்கே எங்களுக்காகத் தட்டெழுதும் தங்கச்சி ஒருவரின் கணினியில் இன்னும் 2.3 தான் ஓடுகிறது. இணையம் ஒழுங்காகக் கிடைக்காத இடத்தில் ஓடுகிற மென்பொருளை யார் மாற்றப்போகிறார்கள்? அவருக்குப் புதிய கையேடு கிடைத்தால், ‘பா’ வுக்கு இரண்டு தட்டுத் தட்டி முன்னால் இருக்கும் ‘ழ்’ ஐயும் சேர்த்து அழித்துவிடுவார்.

இப்படிச் சத்தமில்லாமல் திருத்துவது எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்கு விண்டோஸ் நோட்பேட் நல்ல உதாரணம். 2019 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் புதிய கோப்பை யூனிகோட் வடிவமான யூடிஎப்-8 ஆகவே சேமிக்கிறது. அதற்கு முன் முன்னிருப்பு ஆன்சி என்ற பழைய வடிவம், அதில் தமிழுக்கு இடமில்லை. தமிழில் எழுதிச் சேமித்தால் ஓர் எச்சரிக்கை வரும், அதை வாசிக்காமல் சரி என்று தட்டினால் திரும்பத் திறக்கும்போது தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. ‘சேமிக்கும்போது யூடிஎப்-8 ஐத் தெரிவு செய்யுங்கள்’ என்ற வரி புதிய கணினியில் தேவையற்றது. பழைய கணினியில் ஒரு நாள் உழைப்பு அந்த ஒரு வரியில் தொங்குகிறது. இனித் தேவையில்லை என்று யாராவது அதை வெட்டியிருந்தால், விண்டோஸ் 7 இல் இருந்தவருக்கு நட்டம் வரும்வரை காரணமே தெரிந்திருக்காது.

பதிப்புக்கொரு கையேடு

பெரிய குழுக்களுக்கு இது சரி. லிப்ரே ஒபிஸ் வழிகாட்டி நூல்கள் பதிப்பு வாரியாக வருகின்றன, பைதன் நிரல் மொழியின் ஆவணங்களும் அப்படியே. எங்களுக்கு இது ஒத்துவராது. ஒன்றில் கண்ட எழுத்துப் பிழையை மற்றதில் திருத்த மறந்துபோவோம். பதிப்பு எண் கையேட்டின் மேல் தாளில்தான் இருக்கும், போட்டோக்கொப்பியில் முதலில் கழன்று போவதும் அந்த மேல் தாள்தான்.

எடிற்றரே சொல்லட்டும்

இதைப் பற்றித்தான் கூடக் கதைத்தோம். 2.4 இல் முதல்முறை பாக்ஸ்பேஸைத் தட்டும்போது கீழே ஒரு வரி தோன்றி, இனிக் குறி மட்டும்தான் அழியும் என்று சொன்னால் என்ன? ஈமாக்ஸில் கொன்ட்ரோலோடு எச், பிறகு கே தட்டி, எந்த விசையைத் தட்டினாலும் அது என்ன செய்யும் என்ற விளக்கம் திரையில் வந்துவிடும். அந்த விளக்கம் நிரலோடு நிரலாக எழுதப்பட்டிருப்பதால், நடத்தையை மாற்றுகிறவர் கண்ணில் அது படாமல் போவது அரிது. கையேடும் மென்பொருளும் தனித்தனியே போகாமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

ஆனால் ரீச்சரின் கண் எங்கே இருந்தது? ஸ்கான் பக்கத்தில். தட்டெழுதுகிறவர் எவரும் திரையின் கீழ் விளிம்பைப் பார்ப்பதில்லை. ஒருமுறை தோன்றி மறைகிற வரி அவருக்கு வராத வரிதான். அதோடு ஒரே கணினியில் காலையில் ஒருவர், பின்னேரம் இன்னொருவர். காலையில் இருந்தவருக்குக் காட்டியதோடு எடிற்றர் தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். 2.5 இல் உதவிப் பட்டியலுக்குள் நிரந்தரமாக வைக்கலாம் என்று ஒதுக்கிவைத்தோம்.

பழைய நடத்தையைத் திருப்பித் தரும் ஒரு தெரிவைச் சேர்ப்போமா என்றும் நண்பர்கள் கேட்டார்கள். நான் மறுத்தேன். பகிர்ந்து பாவிக்கும் கணினியில் ஒருவர் அதைப் போட்டுவிட்டு எழும்பிப் போனால், அடுத்து இருப்பவருக்கு அதே அறையில் அதே விசை இரண்டு விதமாக நடக்கும். எந்தக் கையேடும் அதைச் சமாளிக்காது.

ஒரே கையேடு, தேவையான இடத்தில் பதிப்புக் குறிப்பு

கடைசியில் கையேட்டுக்கு இதைத்தான் எடுத்தோம். பைதன் ஆவணங்களில் இதைத் தினமும் காண்கிறோம். ஒரு செயற்கூறின் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியின்) விளக்கம் இன்றைய நிலையைச் சொல்லும், அதன் அடியில் இன்ன பதிப்பில் இப்படி மாறியது என்று ஒரு சிறு வரி இருக்கும். புதியவர் மேல் வரியோடு போய்விடலாம், பழைய பதிப்பில் இருப்பவர் அடி வரியைப் பிடித்துக்கொள்ளலாம்.

இதற்கும் ஒரு நோய் உண்டு. நாலைந்து வருடம் போனால் பக்கம் முழுக்க ‘முதல்’, ‘வரை’ என்று நிரம்பிவிடும். அதனால் ஒரு விதி வைத்தோம். நெடுந்தீவுக் கணினி உட்பட எங்களுக்குத் தெரிந்த எல்லாக் கணினியும் 2.4 க்கு வந்ததும் அந்த வரிகளை வெட்டிவிடுவோம்.

சுவர்த் தாளுக்கு வேறு விடை. அது அந்த ஐந்து கணினிக்கு மேலேதான் தொங்குகிறது, ஐந்திலும் 2.4 தான். அங்கே பழையதை ஏன் சொல்ல வேண்டும்? முழுதாக மாற்றி எழுதினோம். ஒரே மாற்றத்துக்கு இரண்டு ஆவணத்தில் இரண்டு விதத் திருத்தம் என்பது முதலில் எனக்கே உறுத்தியது. யார், எந்தக் கணினிக்கு முன்னால் இருந்து இதை வாசிக்கிறார் என்று கேட்டுப் பார்த்தபோது உறுத்தல் போய்விட்டது.

பதிப்பு எண் என்னவென்று பலருக்குத் தெரியாது என்ற சிக்கல் மிஞ்சியது. உதவிப் பட்டியலைத் திறந்து எண்ணைப் பாருங்கள் என்று எழுதலாம், யாரும் பார்க்கமாட்டார்கள். ஆகவே கையேட்டின் அந்த அத்தியாயத்தின் தலையில் இப்படிப் போட்டேன்: ‘கா என்று தட்டி, பாக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். க மிஞ்சினால் உங்களிடம் இருப்பது புதிய பதிப்பு. ஒன்றும் மிஞ்சாவிட்டால் பழையது.’ எண் தேவையில்லை, மேல் தாள் கழன்றாலும் பரவாயில்லை.

திருத்த வேண்டிய இடங்கள்

வழியைத் தெரிவு செய்ததைவிட இடங்களைத் தேடிப் பிடித்ததுதான் பெரிய பாடு. கையேட்டில் ‘பாக்ஸ்பேஸ்’ என்று தேடினேன், ஐந்து இடம் வந்தது. ஐந்தையும் திருத்திவிட்டு முடிந்தது என்றிருந்தேன். பிறகு ஒரு பின்னேரம் முழுக் கையேட்டையும் விசைப்பலகைக்கு முன்னால் இருந்து, ஒவ்வொரு வரியையும் தட்டிப் பார்த்து வாசித்தபோது இன்னும் ஒன்பது இடம் கிடைத்தது. ஒன்றிலும் அந்தச் சொல் இல்லை. ‘பிழை எழுத்தை அழித்துவிட்டுத் தொடருங்கள்’ என்று ஓரிடம். அழித்ததைத் திருப்பிக் கொண்டுவரும் கொன்ட்ரோல் இசட் பற்றிய பகுதியில் ‘ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து திரும்பி வரும்’ என்று இன்னோரிடம். இப்போது திரும்பி வருவது அரவு மட்டும்தான். சொல்லைத் தேடினால் சொல் இருக்கும் இடம்தான் கிடைக்கும். விரல் செய்வதைத் தேட, விரலால்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

பயிற்சிப் பக்கத்தில் ஒன்று: ‘கௌதாரி என்று தட்டி, இரண்டு தட்டில் கௌ மட்டும் மிஞ்சச் செய்க.’ 2.3 இல் ‘ரி’ ஒரு தட்டு, ‘தா’ ஒரு தட்டு, சரி. 2.4 இல் விசிறி (‘ரி’ யின் இகரக் குறி), ‘ர’, அரவு, ‘த’ என்று நான்கு. ‘நான்கு தட்டில்’ என்று மாற்றினால் நெடுந்தீவில் கௌதாரியோடு அதற்கு முன்னால் இருப்பதும் பறந்துவிடும். இங்கே ஒரு பதிப்புக் குறிப்பைச் செருகப் போனேன். எழுதிக்கொண்டு போகையில்தான் எண்ணிக்கையே தேவையில்லை என்பது தெரிந்தது. ‘கௌ மட்டும் மிஞ்சும்வரை பாக்ஸ்பேஸைத் தட்டுங்கள்.’ இரண்டு பதிப்பிலும் உண்மை, குறிப்பும் வேண்டாம். அதன் பிறகு ஒவ்வோர் இடத்திலும் முதலில் இதைத்தான் முயன்றேன். பதினான்கு இடத்தில் ஒன்பது இப்படியே தீர்ந்தன. பதிப்புக் குறிப்பு உண்மையில் தேவைப்பட்டது ஐந்தே இடத்தில்.

ஓரிடத்தில் புதிதாக ஒரு பந்தி சேர்க்க வேண்டியிருந்தது. யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும்போது, சில மாற்றிகள் ‘கொ’ வின் கொம்பையும் அரவையும் இரண்டு தனிக் குறியாக விட்டுவிடுகின்றன. நேரே யூனிகோட்டில் தட்டிய ‘கொ’ வில் அவை இரண்டும் சேர்ந்து ஒரே குறி. திரையில் வித்தியாசம் தெரியாது. முன்பு முழு எழுத்தும் ஒன்றாக அழிந்ததால் எவருக்கும் இது தெரிய வாய்ப்பே இருக்கவில்லை. இப்போது முதல் தட்டில் ஒன்று ‘க’ ஆகும், மற்றது ‘கெ’ ஆகும். கையேடு இதைச் சொல்லாவிட்டால் எடிற்றர் பழுதாகிவிட்டது என்றுதான் எண்ணுவார்கள்.

அந்த ஒரு வசனம்

மையமான வசனத்தை மூன்று தரம் எழுதினேன். முதலாவது: ‘2.4 பதிப்பு முதல் பாக்ஸ்பேஸ் விசையானது யூனிகோட் குறிப்புள்ளி ஒன்றை மட்டும் நீக்கும்.’ ஒரு சொல்லும் பிழையில்லை, ஆனால் நிரல் எழுதுகிறவருக்கு மட்டும்தான் விளங்கும். இரண்டாவதில் ‘கடைசி உயிர்க்குறியை’ என்று போட்டேன். ரீச்சரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“உயிர்க்குறி எண்டா குற்று அதுக்கை வராதே தம்பி? அரவு, விசிறி, குற்று எண்டு பேர் சொல்லி எழுதும். நான் பிள்ளையளுக்கு அப்பிடித்தான் படிப்பிச்சனான்.”

சரியான கேள்வி. குற்று உயிர்க்குறி இல்லை, ஆனால் அதுவும் தனியாகத்தான் அழிகிறது. கையேட்டில் இப்போது இருப்பது அவர் திருத்தியது:

‘பாக்ஸ்பேஸ் கடைசியாகச் சேர்ந்த அரவு, கொம்பு, விசிறி, குற்று போன்றதை மட்டும் முதலில் அழிக்கும். அடுத்த தட்டில்தான் எழுத்து போகும். பா: ஒரு தட்டில் ப, இன்னொரு தட்டில் வெறுமை. முழு எழுத்தும் ஒரே தட்டில் போக வேண்டுமென்றால், எழுத்துக்கு முன்னால் போய் நின்று டிலீட்டைத் தட்டுங்கள். 2.3 உம் அதற்கு முந்தியவையும்: பாக்ஸ்பேஸும் முழு எழுத்தை ஒரே தட்டில் அழிக்கும்.’

திருத்திய கையேட்டை பென் ட்ரைவில் போட்டு அடுத்த படகுக்குக் கொடுத்தனுப்பினோம், 2.4 நிறுவற் கோப்பும் அதே பென் ட்ரைவில். சுவரிலிருந்த பழைய தாளை ரீச்சரே கழற்றினார். புதியதில் ‘ஒரு தட்டு, ஒரு குறி’ என்று தலைப்பும், கீழே ‘பா’ படிப்படியாகக் குறைவதும் இருக்கிறது. இதை லமினேற் செய்யவில்லை. 2.5 வரும்போது இலேசாகக் கழற்றக்கூடியதாக நாலு மூலையிலும் ரேப் மட்டும் ஒட்டியிருக்கிறோம்.